மிக்ஸிக்குப் பயந்த மிளகு: வீட்டுச் சாமான்களைக் கண்டு மிரளும் பூனையைப் பழக்குவது எப்படி

திண்டுக்கல்லில் ஒரு வரிசை வீட்டின் கடைசிப் பகுதியில் குடியிருக்கிறோம். முன்னறையில் என் தையல் மிஷின், அடுத்து சின்னக் கூடம், அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் ஒரு உள்ளறை. அவ்வளவுதான் வீடு. பூனை மிரண்டு ஓடினால் பத்து எட்டில் சுவர் வந்துவிடும். மிளகு இங்கே வந்த புதிதில் அப்படித்தான் சுவருக்குச் சுவர் ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு நாலு மாதம் இருக்கும். மீன்கடைக்குப் பின்னால் மழையில் நடுங்கிக்கொண்டிருந்தவளைத் துணிப்பையில் வைத்துத் தூக்கி வந்தேன். வெளிர்சாம்பல் உடம்பில் மிளகு தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். சாப்பாடு வைத்தால் வருவாள், மடியில்கூட ஏறுவாள். ஆனால் சமையலறையில் மிக்ஸி ஜாரை எடுத்து வைத்தாலே போதும், பீரோவுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்வாள். சாயங்காலம்தான் வெளியே வருவாள். இரண்டு வாரத்தில் அவள் உடம்பு இளைத்தது.

பூனை அப்படித்தான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சில பூனைக்குச் சரியாகும். இவளுக்கு ஆகவில்லை. நாளுக்கு நாள் பயம் கூடியது. அதனால் நானே உட்கார்ந்து யோசித்து, கேட்டு, படித்து, பதினாலு மாதமாகச் செய்துவருவதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மிரளும் பூனை இருந்தால் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவள் எதற்கெல்லாம் பயப்படுகிறாள் என்று ஒரு வாரம் எழுதினேன். விளக்குமாறு, மிக்ஸி, குக்கர், குடை, கேரி பேக், தையல் மிஷின், பீரோ கதவு, வெட் கிரைண்டர். மொத்தம் எட்டு.

பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பொருளில் எந்தக் கணத்தில் பயம் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது, பிடித்த நாள் ஒன்றும் வீணாகவில்லை. விளக்குமாறு சுவரில் சாய்ந்து நின்றால் மிளகு அதை உரசிக்கொண்டு போவாள். அதை யாராவது கையில் எடுத்தால்தான் ஓட்டம். ஆக, அவள் பயந்தது விளக்குமாற்றுக்கு இல்லை, விளக்குமாறு பிடித்த கைக்கு. மீன்கடையில் அதனால் எத்தனை அடி வாங்கினாளோ தெரியாது. குடை மடித்துக் கிடந்தால் ஒன்றுமில்லை, விரியும்போது வரும் பட்டென்ற சத்தமும் திடீரென்று பெரிதாகும் அந்தக் கறுப்பு வட்டமும்தான் ஆகவில்லை. மிக்ஸி விஷயத்தில் ஓடும் சத்தம் வருவதற்கு முன்பே, ஜார் மேடையில் உட்காரும் ‘டக்’ சத்தத்துக்கே ஓடிவிடுவாள். பிறகு வரப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கணம் தெரிந்தால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். மிக்ஸியைப் பழக்க நினைத்து நேராக மிக்ஸியை ஓட்டினால், அந்த ‘டக்’ சத்தத்தின் பயம் அப்படியே இருக்கும்.

பூனையின் காது நம் காது மாதிரி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதுவும் சின்ன வயதில். பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும். மோட்டார் ஓடும்போது நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அதற்குக் கேட்கக்கூடும். இன்னொன்று, பூனைக்குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை எதைப் பார்த்து எதைக் கேட்டு வளர்கிறதோ, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் பிறந்த குட்டிக்குக் குக்கர் விசில் தாலாட்டு மாதிரி. தெருவில் பிறந்த மிளகுக்கு அந்த வாரங்களில் மிக்ஸி கிடையாது. அவள் வேண்டுமென்று முரண்டு பிடிக்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

பயத்தை உடம்பில் படிப்பது

ஓடுவதும் சீறுவதும் பயத்தின் கடைசிப் படிகள். அதற்கு முன்னால் வருவதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிளகிடம் நான் பார்ப்பவை: நல்ல வெளிச்சத்திலும் கண்ணின் கருமணி வட்டமாக விரியும். காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பித் தாழும். வாலை உடம்போடு ஒட்டிக்கொள்வாள். சாப்பாடு இல்லாமலே உதட்டை ஒரு தடவை நக்குவாள். நடந்தால் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி பம்மிப் பம்மி நடப்பாள். எல்லாவற்றையும்விட நிச்சயமான அடையாளம், பிடித்த தீனி முன்னால் இருந்தும் சாப்பிடாமல் இருப்பது.

இந்தக் கடைசி அடையாளம்தான் நம் அளவுகோல். பொருளைக் கவனிக்கிறாள், காது அந்தப் பக்கம் திரும்புகிறது, ஆனாலும் சாப்பிடுகிறாள் என்றால் அந்தத் தூரம் சரி. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்றால் நாம் நெருங்கிவிட்டோம், பின்னால் போக வேண்டும். தையலில் அரை அங்குலம் பிடித்துப் பார்த்து மறுபடி பிரிப்பதில்லையா, அந்த மாதிரிதான். பிரிக்கத் தயங்கக் கூடாது.

நான் செய்த தவறு

முதல் மாதம் நான் செய்தது முழுக்கத் தவறு. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வோம்.

அவளுக்கு மிகவும் பிடித்த வேகவைத்த மீனை மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்து, அவள் வந்து சாப்பிட ஆரம்பித்ததும் மிக்ஸியைப் போட்டேன். சாப்பிடும் சந்தோஷத்தில் சத்தம் பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்று நாள் செய்தேன். நாலாம் நாள் மீன் வாசனை வந்ததுமே பீரோவுக்கு அடியில் போய்விட்டாள். மிக்ஸிப் பயம் குறையவில்லை, மீன் மீதும் பயம் வந்துவிட்டது. அவள் கணக்கில் மீன் வந்தால் அடுத்து அந்தச் சத்தம் வரும். மீன் ஒரு எச்சரிக்கையாகிவிட்டது.

வரிசை முக்கியம். முதலில் பயப்படும் பொருள், அதுவும் மிக மெலிதாக. அது வந்து ஒரு நொடி கழித்துத் தீனி. பொருள் போனதும் தீனியும் போய்விட வேண்டும். அப்போதுதான் “அந்தச் சத்தம் வந்தால் நல்லது வரும்” என்று பூனை கணக்குப் போடும். தீனி முந்தினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

என் மகள் கோயம்புத்தூரில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் போனில் இதைச் சொன்னபோது ஜோசப் வோல்பியைப் பற்றிச் சொன்னாள். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர். 1940களின் கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் பூனைகளைக் கூண்டில் வைத்து மின் அதிர்ச்சி கொடுத்துப் பயமுறுத்தினார். பசித்தாலும் அந்தக் கூண்டுக்குள் அவை சாப்பிடாத நிலை வந்தது. பிறகு, கூண்டு இருக்கும் அறையைப் போலவே கொஞ்சம் தோற்றம் உள்ள வேறு அறைகளில் சாப்பாடு கொடுத்து, படிப்படியாக நெருங்கி, கடைசியில் அந்தக் கூண்டிலேயே சாப்பிட வைத்தார். மனிதர்களின் அச்சத்துக்கு இன்று செய்யும் படிப்படியான சிகிச்சை அதிலிருந்துதான் வளர்ந்ததாம். அந்தப் பூனைகள் பட்டதைக் கேட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவை கற்றுக்கொடுத்தது மிளகுக்குப் பயன்பட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அந்த ‘அறைக்கு அறை’ என்பதுதான் எங்கள் சின்ன வீட்டில் எனக்கு வழிகாட்டியது.

தீனி

சாதாரணச் சாப்பாட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பயிற்சிக்கென்றே ஒரு தீனி இருக்கட்டும். நான் உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைத் துவரம்பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்வேன். ஒரு வேளைக்குப் பத்துத் துண்டு போதும். குழம்பிலிருந்து எடுத்த கறி கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கருவாட்டில் உப்பு அதிகம். இனிப்பால் பயனே இல்லை, பூனை நாக்குக்கு இனிப்பு தெரியாது. பயிற்சியைச் சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னால் வையுங்கள், கொஞ்சம் பசி இருக்கும். ஆனால் பட்டினி போட்டு இழுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் ஈரல் கெடும், குண்டான பூனைக்கு இன்னும் ஆபத்து.

ஒரு வேளைக்கு இரண்டு நிமிடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நன்றாகப் போகிறது என்று நீட்டிக்கக் கூடாது. அவள் இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே முடித்துவிட வேண்டும்.

விளக்குமாறு

கையில் எடுத்தால்தான் பயம் என்பதால், அசையாத விளக்குமாற்றைத் தரையில் படுக்கவைத்து அதிலிருந்து தொடங்கினேன். சுற்றிலும் கோழித்துண்டு. இரண்டு நாளில் அதன் மேல் கால் வைத்து நடந்தாள். அடுத்து நான் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கட்டையை விரலால் தொட்டேன், ஒரு துண்டு. தொட்டேன், ஒரு துண்டு. அப்புறம் கையால் பிடித்தேன், தூக்கவில்லை. அப்புறம் ஒரு விரல்கடை தூக்கினேன். உட்கார்ந்தபடிதான் எல்லாம். நின்றுகொண்டு பிடிப்பது பூனைக்கு வேறு விஷயம், அதை ஒரு புதுப் படியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுந்து நின்ற அன்று அவள் மறுபடி கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். அங்கேயே துண்டை வீசினேன். மூன்று நாளில் பாதி தூரம் வந்தாள்.

பெருக்கும்போது அவளை நோக்கிப் பெருக்காமல், அவளிடமிருந்து விலகிப் போகிற மாதிரி பெருக்க வேண்டும். விலகிப் போகும் பொருளைப் பூனை தானாகவே எட்டிப் பார்க்கும். நெருங்கி வரும் பொருளைக் கண்டால் ஓடும்.

இன்னொன்று செய்தேன். தையலில் மிஞ்சிய மெல்லிய பருத்தித் துண்டால் அவள் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்தத் துணியை விளக்குமாற்றுப் பிடியில், அவள் தலை உயரத்தில் தேய்த்து வைத்தேன். பூனைக்குக் கன்னத்தில் வாசனைச் சுரப்பி உண்டு. அது எதில் கன்னத்தை உரசுகிறதோ அது தன்னுடையது என்று அதற்கு அர்த்தம். அவள் வாசனை உள்ள பொருளை அவள் முகர்ந்து பார்க்கும்போது முகம் தளர்வதைக் கண்ணால் பார்த்தேன். மிக்ஸி மேடையின் ஓரத்திலும் இதையே செய்தேன்.

நாலாவது வாரம் ஒரு சறுக்கல். என் மாமியார் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மிளகு வழியில் படுத்திருந்தாள். விளக்குமாற்றால் தரையில் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். அவள் பறந்துவிட்டாள்.

“அத்தை, அவளை விரட்டாதீங்க.”

“நான் எங்கம்மா விரட்டினேன்? கொஞ்சம் தள்ளிக்கோன்னு சொன்னேன்.”

அவர் மேல் தப்பில்லை, நான்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். திரும்ப முதல் படியில், படுத்திருக்கும் விளக்குமாற்றிலிருந்து ஆரம்பித்தோம். ஆனால் இந்தத் தடவை முழுப் பாதையும் ஒன்பதே நாளில் முடிந்தது. சறுக்கினால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், பூனை கற்றதை அடியோடு மறப்பதில்லை. அன்றிலிருந்து அத்தைதான் காலையில் விளக்குமாற்றை எடுக்கும் முன் இரண்டு துண்டு போடுகிறார்.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மாப்பைக் கண்டு ஓடும் பூனை பல நேரம் பினாயில் வாசனைக்கு ஓடும். அந்தப் பயம் நியாயமானது. பினாயிலில் இருக்கும் பீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் செரித்து வெளியேற்ற முடியாது, ஈரத்தரையில் நடந்து காலை நக்கினாலே உடம்புக்குக் கெடுதல். நாங்கள் பினாயிலை நிறுத்திவிட்டுச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை துடைக்கிறோம்.

மிக்ஸி

இதற்குத்தான் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது.

பயிற்சி நடக்கும் நாட்களில் பூனை எதிர்பாராமல் முழுச் சத்தத்தையும் கேட்டால் செய்ததெல்லாம் கரையும். ஆனால் சட்னி அரைக்காமல் ஒரு வீடு ஓடாது. அதனால் காலையில் ஒரே தடவையாக அன்றைக்கு வேண்டியதையெல்லாம் அரைத்து வைத்தேன். அந்தப் பத்து நிமிடம் மிளகு உள்ளறையில், கதவு சாத்தி, ரேடியோ பாட்டோடு. மிக்ஸிக்கு அடியில் நாலாய் மடித்த துண்டு ஒன்றை வைத்தேன். மேடை அதிர்வு பாதியாகக் குறைந்தது. காற்றுத் துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் மிக்ஸி ஓடவே இல்லை. ஜாரைக் கூடத்துத் தரையில் வைத்தேன், துண்டு. மூடியைத் தட்டினேன், துண்டு. அடுத்து அந்த ‘டக்’. உள்ளறை வாசலில் அவள், சமையலறையில் என் வீட்டுக்காரர். அவர் ஜாரை மிக்ஸி மேல் மெதுவாக உட்கார வைப்பார், நான் துண்டு போடுவேன். ஐந்து தடவை, அவ்வளவுதான். நாலு நாளில் ‘டக்’ கேட்டதும் என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வை வந்த பிறகே அடுத்த படி. அது வருவதற்கு முன் ஏறக் கூடாது.

பிறகு சத்தம். நானும் அவளும் உள்ளறையில், கதவு முழுக்கச் சாத்தியிருக்கும். நான் மிஸ்டு கால் கொடுத்தால் அவர் மிக்ஸிக் குமிழை இடப்பக்கம் திருப்பி உடனே விட வேண்டும். அந்தப் பக்கம் திருப்பினால் கை எடுத்ததும் நின்றுவிடும். ஜாரில் அரைத் தம்ளர் தண்ணீர். ஒரே ஒரு நொடிச் சத்தம், உடனே கோழித்துண்டு. அரை நிமிட இடைவெளி, மறுபடி. ஐந்து தடவையோடு நிறுத்திவிடுவோம். ஐந்து நாள் கழித்துக் கதவை ஒரு கையகலம் திறந்தோம். பிறகு பாதி. பிறகு முழுதும். பிறகு நாங்கள் கூடத்துக்கு வந்தோம். தூரம் குறையும்போது சத்தத்தின் நேரத்தைக் கூட்டக் கூடாது, நேரத்தைக் கூட்டும்போது நெருங்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். கூடத்தில் ஒரு நொடி பழகியதும், மறுபடி உள்ளறைக்குப் போய் மூன்று நொடி ஓட்டினோம்.

அரைக்கும் பொருளும் சத்தத்தை மாற்றும். தேங்காய்ச் சட்னியின் சத்தம் கொழகொழவென்று அடங்கி வரும். கொத்தமல்லி விதையை வறட்டுப் பொடியாக அரைத்தால் கல் மழை மாதிரி இருக்கும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

போனில் மிக்ஸிச் சத்தத்தைப் பதிவுசெய்து மெதுவாகப் போட்டுக் காட்டலாமே என்று கேட்பார்கள். நானும் செய்து பார்த்தேன். போன் சத்தத்துக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மோட்டாரின் அடிச்சத்தமும் அதிர்வும் வருவதில்லை, பூனைக்கு அது வேறு சத்தம். பெரிய ஸ்பீக்கர் இருந்தால் தொடக்கத்துக்கு உதவலாம். உண்மையான மிக்ஸிதான் பாடம்.

சுலபமாக முடிந்தவை

பீரோ கதவுக்குப் பூனையைப் பழக்கவே இல்லை, கதவைப் பழக்கினேன். கீலில் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு. கிறீச்சு நின்றது, பயமும் நின்றது. பொருளைச் சரிசெய்ய முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

கேரி பேக்கை அவள் இல்லாதபோது கசக்கித் தளர்த்தி, கைப்பிடியை வெட்டிவிட்டு, உள்ளே ஒரு துண்டு வைத்தேன். கைப்பிடியை வெட்டுவது கட்டாயம். தலை மாட்டிக்கொண்டால் பை துரத்துகிறது என்று நினைத்துப் பூனை பித்துப் பிடித்தாற்போல ஓடும், அந்த ஒரு தடவையின் பயம் ஆயுசுக்கும் நிற்கும்.

குடையை உள்ளறையில் விரித்துக் கொண்டுவந்து கூடத்து மூலையில் வைத்து இரண்டு நாள் தொடவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அதன் கீழ் படுத்திருந்தாள். விரிப்பதைப் பிறகு கால்வாசி, அரைவாசி என்று கையால் மெல்லத் திறந்து காட்டினேன். பொத்தான் அமுக்கினால் படாரென்று விரியும் குடை இதற்கு ஆகாது.

செய்யக் கூடாதவை

தூக்கிக்கொண்டு போய்ப் பொருளுக்கு முன்னால் காட்டாதீர்கள். “ஒண்ணுமில்ல பாரு” என்று நாம் அன்பாகத்தான் செய்வோம். பிடிபட்ட பூனைக்கு ஓட வழியில்லை, பயம் இரட்டிப்பாகும், அதோடு உங்கள் கையையும் நம்பாமல் போகும். ஒளியும் இடத்தை அடைக்காதீர்கள். பீரோவுக்கு அடியில் அட்டையை வைத்து அடைக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் அங்கே ஒரு பழைய சேலையை விரித்துப் போட்டேன். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த பூனைதான் வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.

2015 வாக்கில், சாப்பிடும் பூனைக்குப் பின்னால் வெள்ளரிக்காயை வைத்து அது துள்ளி விழுவதைப் படம் எடுத்துப் பலர் போட்டார்கள். இன்றும் பார்த்துச் சிரிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூனை நிம்மதியாக இருக்கும் ஒரே இடம் அதன் சாப்பாட்டுத் தட்டு. அதையும் பயமுறுத்தும் இடமாக்கினால் பிறகு எந்தத் தீனியை வைத்து எதைப் பழக்குவது?

பயிற்சியின் நடுவே அவள் பொருளைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது நான் கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். பூனைகள் இதைப் புரிந்துகொண்டு பதிலுக்கு அப்படியே செய்கின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020ல் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவள் பதிலுக்குக் கண்ணை மூடித் திறக்கும்போது, இன்னொரு படி ஏறலாம் என்று தோன்றும்.

குக்கரும் தையல் மிஷினும்

குக்கர் விசிலை மெதுவாக அடிக்க வைக்க முடியாது. அதனால் விசிலை விட்டுவிட்டு, அதற்கு முன் வரும் உஸ்ஸென்ற ஆவிச் சத்தத்தைப் பிடித்தேன். என் காதுக்கு வருவதற்கு முன்பே மிளகின் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். அப்போது உள்ளறையில் அவள் பாயில் இரண்டு துண்டு. இப்போது உஸ் கேட்டதும் அவளே உள்ளறைக்கு நடந்து போய் உட்கார்ந்துகொள்கிறாள். விசில் அடிக்கும்போது தோள் குலுங்கத்தான் செய்கிறது. அது போதும் என்று விட்டுவிட்டேன். அடுப்படியில் பூனைக்குக் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது.

தையல் மிஷினில்தான் எனக்கு அது உறைத்தது. என்னுடையது மிதி மிஷின், வேகம் என் காலில். மெதுவாக ஒரு தையல், இரண்டு தையல் என்று கூட்ட அதைவிடத் தோதான சாமான் இல்லை. மூன்றே வாரத்தில் மிளகு என் காலடியில் படுக்க ஆரம்பித்தாள். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லி முடியாது.

ஒரு மத்தியானம் அவள் வாயோரத்தில் நீல நூல் இரண்டு அங்குலம் தொங்கியது. இழுக்கத்தான் கை போனது. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன், “இழுக்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க” என்றார். பூனை விழுங்கும் நூலின் ஒரு நுனி நாக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், மறுநுனி குடலுக்குள் போகும். குடல் சுருக்கு வைத்த பாவாடை மாதிரி சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும். இழுத்தாலும் அதே ஆபத்துதான். மிளகுக்கு நாக்கடியில் சுற்றியிருந்ததை மயக்க மருந்து கொடுத்து எடுத்தார், நல்லவேளை அதிகம் உள்ளே போகவில்லை.

அன்றோடு முன்னறைக்கு அவள் வரத் தடை. இடுப்பளவுப் பலகை வைத்து, அதைத் தாண்ட முடியாதபடி மேலே வலையும் கட்டிவிட்டேன். நூல்கண்டு, பாபின், ஊசி எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள். எந்தப் பயத்தைப் போக்குவது, எதை விட்டுவைப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டி, கேஸ் அடுப்பு, ஊசி நூல் இவற்றோடு பூனைக்குச் சிநேகம் தேவையில்லை.

மருத்துவரிடம் எப்போது

பயமே இல்லாமல் இருந்த பூனை திடீரென்று எல்லாவற்றுக்கும் மிரண்டால் அது பயிற்சிக்கான விஷயம் இல்லை. வலி, பார்வைக் குறைவு, வயதான பூனைக்குத் தைராய்டு என்று காரணம் உடம்பில் இருக்கலாம். பயந்து ஒளிந்த பூனை சிறுநீர் கழிக்கிறதா என்றும் கவனியுங்கள். மனஅழுத்தத்தால் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரும். ஆண் பூனை மணல் தொட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்து சொட்டுகூட வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம், ஒரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து, அப்போதே கொண்டு போங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையோ பாராசிட்டமாலோ கொடுத்து அமைதிப்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

எட்டில் ஐந்து முடிந்தது. குக்கர் பாதி, தையல் மிஷின் வேண்டாம். மிஞ்சியது வெட் கிரைண்டர். சனிக்கிழமை சாயங்காலம் மாவாட்டும் அரை மணி நேரம், கல் உருளும் சத்தம் வீடு முழுக்க இருக்கும். அந்த நேரம் மிளகும் அத்தையும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான், அதைப் பழக்க வேண்டியதில்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம்.